நீ பால் மறந்த நாள்

என் மகனே,

உனக்குப் பால் மறக்கடித்த விருந்தன்று இருந்தவர்கள் இவர்கள்: உன் பாட்டி சிபியாள், சித்தப்பா அகியேசர், அவருக்கு வாழ்க்கைப்பட்டும் வயிறு திறக்காத என் தங்கை நோவதியாள், கடா அறுத்த பங்காளிகள் இரண்டு பேர், நான். உன் அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பால் குடிக்கும்வரை பிள்ளை தாயிடம், மறந்தபின் தகப்பன் வீட்டில் என்பது உன் அப்பா வீட்டார் பேச்சு. அதனால் மூன்று வயது முடிந்தும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"கழுதை ஓட்டுற வயசுல இவனுக்கு மடி கேக்குதாக்கும்!" என்று சிபியாள் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

நீ கடித்துப் புண்ணாகியிருந்தது. தங்கை கிண்ணத்தோடு வந்தாள்.

"தடவிக்கக்கா, ஒரே நாள்ல ஆறிடும்."

தடவிக்கொண்டேன். அது மருந்து இல்லை, கசப்புத் தழைச் சாறு. நீ வாய் வைத்துத் துப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். அம்மாவே கசந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். அப்புறம் நீ என் மடிக்கு வரவேயில்லை. மூன்றாம் நாள் விருந்து வைத்துவிட்டார்கள்.

தேன் தொட்ட அப்பத்தைத் தங்கை ஊட்டினாள், நீ தின்றாய். எனக்குப் பால் கட்டி அங்கி நனைந்துவிட்டது. போர்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே உன்னைக் கொண்டுபோனார்கள்.

இப்போது உன் மகனுடைய விருந்துக்கு அழைக்கிறாய். அத்திப்பழ அடை அனுப்பியிருக்கிறேன், பிள்ளைக்குக் கொடு. நான் வரவில்லை. சிபியாளை மன்னித்துவிட்டேன், அகியேசரையும்தான். நான் மன்னிக்காதது, நீ அம்மா என்று கூப்பிடுகிற நோவதியாளை.

உன்னைப் பெற்றவள்