மருந்து கேன்

கோலியனூர்

அன்புள்ள அக்கா,

உனக்கு இரண்டாவது கருவும் தங்கவில்லை என்று மாமா போனில் சொன்னார். அம்மா உன் ராசியைத்தான் குறை சொன்னாள்.

சில பூச்சிமருந்துகள் உடம்பின் ஹார்மோனைக் குழப்பக்கூடும் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். நீங்களும் மருந்து கேனைக் கழுவித்தானே குடிதண்ணீர் பிடிக்கிறீர்கள்? அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பானை வாங்கிவிடு அக்கா. திண்டிவனம் டாக்டரிடமும் கேள்.

அம்மாவிடம் சொன்னேன்.

"பெரிய டாக்டரு! சீக்கா போட்டு கழுவிக்கினு நாமளுந்தான் குடிக்கிறோம். உங்க ரெண்டு பேரயும் நான் பெத்துக்கலயா?" என்று சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது. நம் இருவருக்கும் நடுவில் அவளுக்கும் இரண்டு தங்காமல் போயிருக்கின்றன.

கேனிலிருந்த தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாள். திரும்பி வந்து, "அவ மேல தப்பு இல்லன்னு எழுதுடி" என்றாள்.

எழுதிவிட்டேன் அக்கா.

உன் தங்கை