மருந்து கேட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

என் அஞ்சலைக்கு,

உன் பேரை முதன்முதலாக என் கையால் எழுதியிருக்கிறேன். ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்தது. நீ கண்மூடியபிறகு, இந்த வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது, பார்த்தாயா?

ஆனால் மனசு சரியில்லை.

நம் மகள் மல்லிகாவுக்கும் மாதவிலக்கு நின்றுவிட்டது. அன்று உனக்குக் கொடுத்ததுபோல ஒரு சித்த மருந்தைச் சோதிக்கப் போகிறார்கள். டாக்டரம்மா வந்து தாள் கொடுத்தார். ஒரே கேள்வி: எது சரியானால் மருந்து கேட்டது என்பீர்கள்?

உன்னிடம் கேட்டது வேறு. ஒரு நாளைக்கு எத்தனை முறை உடம்பு குப்பென்று சூடாகிறது என்றார்கள். நீ வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்: "முன்ன ஜாஸ்தி, இப்ப கம்மிங்க." மழைக்கு வெயில் தணிந்திருந்த மாதம் அது. நீ அதன்கீழ் கைநாட்டு வைத்தாய்.

இப்போது பேனாவோடு மல்லிகா எதிரில் உட்கார்ந்தேன்.

"சூடு கம்மியாவணும்னு எழுதட்டாம்மா?"

"சூடு கெடக்குதுப்பா. பஸ்ஸு குலுங்கினா ஒண்ணுக்கு வந்துருது. அம்மாவுக்கும் அப்டிதான். அதான் வெள்ளிமலைக்கு, சித்தி வூட்டுக்குப் போவாமயே இருந்துச்சு."

"தங்கச்சிகூட சண்டைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

"நீ இன்னா, கேட்டியா?"

நான் எழுத ஆரம்பித்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்ப்பா. நாலு பேரு படிப்பாங்க."

"எழுதலன்னா மறுபடியும் சூட்டத்தானே எண்ணுவாங்க?"

பிடித்த கையை விட்டாள். "நான் சொல்றத மட்டும் எழுது. நீயா ஒண்ணும் சேக்காத" என்றாள்.

எழுதினேன்: 'பயமில்லாமல் பஸ்ஸில் வெள்ளிமலை போய்வந்தால் மருந்து கேட்டது.'

சங்கராபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார். மற்ற பெண்களும் சொன்னால்தான், மருந்து கேட்டதா என்று பார்க்கும் பட்டியலில் இது சேரும், உறுதியில்லை என்றார். எத்தனை பேர் வெட்கப்பட்டு விட்டுவிடுவார்களோ? அன்று எத்தனை புருஷன்மார் என்னைப்போல 'கம்மிங்க' என்றார்களோ?

மல்லிகாவுக்கு இதைப் படித்துக்காட்டினேன். ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். உன்னிடம்தான் கேட்க முடியவில்லை.

இனி பெண்கள் உங்களிடம் கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அஞ்சலை. நீங்கள் சொல்லி முடிக்கும்வரை பேனா காத்திருக்கும்.

நீ கூப்பிட்டபடியே,
மல்லிகா அப்பா