மூன்றாம் கூப்பாடு

1934 கார்த்திகை, வெள்ளி இரவு

பொழுதுபட்டபின் அக்கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும் இந்த வாவித் துறையில் ஓடக்காரர் நாங்கள் மூன்றாம் கூப்பாட்டுக்குத்தான் ஓடத்தை எடுப்போம். பேய் ஒரு தரம்தான் கூப்பிடும். துறையை மேற்பார்க்கிற ஓவசியர் ஐயாவும் இதற்குச் சம்மதித்தவர்தான். "அப்படியே செய், துரை கேட்டா நான் சொல்லிக்கொள்றன்" என்றவர்.

இன்று காலை துரை வந்தார். போன கிழமை ஓரிரவு தன்னை அக்கரையில் காக்கவைத்ததாகச் சத்தம் போட்டார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா வாவியைப் பார்த்தார்.

"நான் அப்படிச் சொல்லல்லயே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி முதல் கூப்பாட்டுக்கே போ, விளங்கிச்சா?" என்றார்.

பின்னேரம் ஐயா அக்கரைக்குப் போனார். இருட்டும் நேரம் அங்கிருந்து கூப்பாடு வந்தது. அவருடைய குரல்தான். என் பெயரைச் சொல்லி, ஒரே தரம். கட்டளைப்படி உடனே ஓடத்தைத் தள்ளினேன். அக்கரையில் ஒருவரும் இல்லை. கண்டல் மரங்கள் வரை போய்க் கூப்பிட்டும் பார்த்தேன். வெறும் ஓடத்தோடு திரும்பினேன். ஆனால் அது நாலு பேர் ஏறியதுபோலத் தாழ்ந்து, கோல் ஊன்ற ஊன்ற அசைய மறுத்தது.

இக்கரையில் ஐயா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். நான் அக்கரைக்குப் போன நேரத்தில் மீன்காரத் தோணியில் வந்துவிட்டாராம்.

"ஐயா, அங்கயிருந்து என்னக் கூப்பிட்டீங்களா?"

"நான் கூப்பிடல்லயே."

வழக்கம்போலப் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கென்று பார்த்து உண்மை சொல்லிவிட்டாரோ என்று நினைத்தால், விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது.