பின்வரிசை காலி

1992 அக்டோபர் 12, திங்கள்

விடாத மழை. டத்தோ கிராமாட் தெருவில் முழங்கால் தண்ணீர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏர்போர்ட்டில் புது விமானப் பயிற்சி இன்று முடிந்தது. பாஸ். மூன்று வாரம் படித்தும் சந்தோஷம் வரவில்லை.

நினைவில் வைக்க:
பழையது வரிசைக்கு ஆறு பேர், பத்தொன்பது வரிசை. புதியது இருபத்தைந்து.
இரண்டுக்கும் எஞ்சின் இரண்டு. நடுவில் ஒரே நடைபாதை.
புதியது எண்ணெயோடு அறுபது டன்னுக்கு மேல்.
உடம்பு நீளம். கனம் ஒரு பக்கம் சேர்ந்தால் சாயும். (இரண்டு கோடு போட்டேன்.)

சூப்பர்வைசர் அந்தோணி அண்ணே, "பயப்படாதலா புஷ்பா. பழசோட நடுவுல ரெண்டு துண்டு சேத்துருக்கான், அவ்வளவுதான்" என்றார். "பெருசு வந்தா இந்த ஊர்ல பாதி காலி. காத்தாடி வச்ச சின்னது வந்தா பாதிப் பேரு ஏற முடியாம தரையில. இது சரியா நடுவுல. பஸ்ஸு மாதிரி ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ ஓட்டணும். அப்பத்தான் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்."

இதுவரை கவுண்டரில் சீட்டுக் கொடுத்த நான், இனி லோட் ஷீட்டும் எழுதலாமாம். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், பெட்டி எங்கே, எண்ணெய் எவ்வளவு. அந்தத் தாளைப் பார்த்துத்தான் கேப்டன் வாலைச் சரிசெய்து வைப்பார். நான் பிழைவிட்டால் அவர் கையும் பிழைவிடும்.

14, புதன்

முதல் தாள், தனியாக. நான்கு தடவை கூட்டினேன். விமானம் புள்ளியாகும்வரை ஜன்னலில். குடைக்கம்பி ஒடிந்தது, புதுசு வாங்க வேண்டும்.

அக்கா: "ஏன்டி சாப்பிடல?"
வயிறு சரியில்லை என்றேன். பாதி உண்மை.

16, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் கொட்டும் மழை. கோலாலம்பூர் விமானம், 61 பேர். பழைய விமானம் என்றுதான் கவுண்டரில் சீட்டுக் கொடுத்தார்கள், நானும் கூட நின்றேன். எல்லாருக்கும் முன்னால் வேண்டும். ஜாதிக்காய்ப் பை வைத்திருந்த ஒருவர்: "பின்னாடி ஆட்டுமாம், முன்னாடி குடுங்க தங்கச்சி." கைக்குழந்தையோடு ஒரு பெண். அவளுக்கும் முன்னால். பன்னிரண்டாம் வரிசைக்குள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

பழையது பழுது. புதியதை அனுப்பினார்கள். சீட்டை யாரும் மாற்றவில்லை. புதிதாகக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஏற்கெனவே லேட். அறுபத்தொரு பேரையும் முன், நடு, பின் என்று சமமாகப் பிரித்து எழுதினேன். கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

ஜன்னலில் பார்த்தேன். ஓடுகிறது, ஓடுகிறது, மூக்கு எழவில்லை. ஓடுபாதையின் கடல் பக்கத்துக் கோடியில்தான் எழுந்தது. மழைதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம், ஏறும்போது கிழித்து வைத்த சீட்டு அடிக்கட்டைகளை எண்ணினேன். 4, 7, 9, 11, 12. பன்னிரண்டுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. பழையதில் அது பாதிக்கு மேல். புதியதில் பாதிகூட இல்லை. பின்பக்கம் முழுக்கக் காலி. மூக்கில் கனம். என் தாள் பொய்.

"அண்ணே, எல்லாரும் முன்னாடி இருக்காங்க. நான் பரவலா எழுதிட்டேன்."

அண்ணே அடிக்கட்டைகளைப் புரட்டினார். போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏறிடுச்சில்ல? இறங்கிடும்லா. வாயத் தொறந்தா ரெண்டு பேரு வேலையும் போச்சு."

"இறங்கும்போதும் மூக்கத் தூக்கணுமே அண்ணே. அங்கயும் மழை."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. இறங்க இன்னும் இருபத்தைந்து. அந்தக் குழந்தை போட்டிருந்த மஞ்சள் தொப்பி கண்ணுக்குள்ளேயே நின்றது. ரேடியோ மைக்கை எடுத்தேன். அண்ணே என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.

சொன்னேன். தாள் பிழை, எல்லாரும் முதல் பன்னிரண்டு வரிசையில். ரேடியோவில் இரைச்சல் மட்டும். பிறகு கேப்டன் குரல், ரொம்ப நிதானமாக: எத்தனை பேரைப் பின்னால் அனுப்ப வேண்டும்? அதைக் கணக்குப் பார்க்காமலே கூப்பிட்டிருக்கிறேன்! காத்திருங்கள் என்றேன். பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. இருபத்துநான்கு பேர், கடைசி ஐந்து வரிசை என்று சொன்னேன்.

3.52. இறங்கிவிட்டது என்று கோலாலம்பூர் ஏர்போர்ட் சுபாங்கிலிருந்து போன். அடிக்கட்டைகளை வரிசைப்படி அடுக்கிக் கட்டி வைத்தேன்.

17, சனி

கேப்டன் போனில் பேசினார். மலாய்க்காரர், மெதுவான பேச்சு. ஓடுபாதையில் இரண்டு கையாலும் இழுத்தாராம், காற்று என்று நினைத்தாராம். நன்றி என்றார். அதே மூச்சில், ரிப்போர்ட் எழுதியாக வேண்டும் என்றார். சரி சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

அக்காவிடம் இன்று சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

22, வியாழன்

விசாரணை. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். அந்தோணி அண்ணே என் பக்கத்தில், தரையைப் பார்த்தபடி.

ரேடியோவில் பேசச் சொன்னது யார்? யாருமில்லை.
சூப்பர்வைசரிடம் சொன்னாயா? சொன்னேன்.
அவர் என்ன சொன்னார்?

அண்ணேயின் கால் ஆடுவது தெரிந்தது. அவர் பதில் சொல்வதற்குள் நானே மைக்கை எடுத்துவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். இன்னொரு பொய்த் தாள்.

வெளியே வந்ததும் அண்ணே என்னைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

24, சனி

கடிதம் வந்தது. எச்சரிக்கை மட்டும். விமானம் மாறினால் சீட்டு எல்லாம் திரும்ப வாங்கிப் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று எல்லா ஊருக்கும் உத்தரவு. வேலை போகவில்லை. அக்கா கோவிலுக்குப் போய் வந்தாள்.

அந்தோணி அண்ணேயிடம் போனேன். "கவுண்டருக்கே அனுப்பிடுங்க அண்ணே. தாள் வேணாம்."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஆள் இல்லலா. புதுசுக்குப் பாஸ் பண்ணது நீயும் நானும்தான். எனக்கு..." நிறுத்தினார். "எனக்கு இப்பக் கை வர மாட்டேங்குது புஷ்பா. நீ எழுது."

திங்கள் காலை ஏழு பத்து. புதியது. இடம் நூற்றைம்பதும் நிரம்பிவிட்டதாம். தாள் என் பெயரில்.