கூர்விளிம்புப் படகு

அனுப்புநர்:
மு. அம்மாக்கண்ணு,
பெரிய லயம், கீழ்ப்பிரிவு,
தலவாக்கலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
தலவாக்கலை.

விடயம்: புதிதாகப் பழகுவோருக்கு ஆகாத கயாக் படகை ஆற்றுப் பயிற்சியிலிருந்து நீக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடயத்தில் பிழை இல்லை. உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டும் வேலை கிடைக்கும் என்று, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஆற்றில் கயாக் என்னும் துடுப்புப் படகு பழக்கும் நிலையத்தில் என் பேத்தி சுலக்ஷனா சேர்ந்தாள்.

2. அங்கே ஒற்றையாள் படகு இரண்டு வகை. ஒன்று தடித்து, வயிறு உருண்டது, சரிந்தாலும் நிமிரும். மற்றது குட்டை, அடி தட்டை, பக்கவிளிம்பு கூர். அது வித்தை காட்டுபவர்களுக்கு. கொஞ்சம் சரிந்தாலே ஆறு அந்த விளிம்பைப் பிடித்துப் புரட்டிவிடும். உருண்டதையெல்லாம் பயணிகளுக்குக் கொடுத்துவிட்டு, முதல் நாளே எங்கள் பிள்ளையைக் கூர்விளிம்பில் ஏற்றினார் பயிற்றுநர் சதீஸ்குமார்.

3. தண்ணீர் புகாமல் இடுப்பையும் படகின் வாயையும் சேர்த்து மூடும் றப்பர் உறை ஒன்று உண்டு. "கொழுந்துக்குப் போறப்ப கட்டுற படங்கு மாதிரித்தான், இறுக்கிக் கட்டு" என்றாராம். கவிழ்ந்தால், உறையின் முன்னால் தொங்கும் பட்டியை இழுத்தால்தான் வெளியே வரலாம். அதைச் சொல்லவில்லை. மலையில் கொழுந்து எடுக்கையில், இடுப்பைச் சுற்றிக் கட்டும் அந்தப் படங்குச் சாக்கின் தொங்கல் தேயிலைச் செடியில் மாட்டாமலிருக்க உள்ளே சொருகுவோம். அவளும் பட்டியை உள்ளே சொருகிவிட்டாள்.

4. பயந்து கரைப்பாறையைப் பிடித்தவளின் விரல்களில் துடுப்பால் அடித்து, "கொழுந்து கிள்ளுற கைக்கு இது கனக்குதோ?" என்று நீரோட்டத்தில் தள்ளினார். படகு உடனே புரண்டது. தலைகீழாகவே பாறைகளில் மோதிப் போனாள். முன்பற்கள் போயின. தோளெலும்பு முறிந்தது. நெற்றித் தோல் கிழிந்து கண்ணை மூடித் தொங்கியது. ஆற்றோர மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த வீரய்யா குதித்து, உறையைக் கத்தியால் கிழித்திராவிட்டால் பிணம்தான்.

5. நான் படகைச் சேதப்படுத்தியதாக நிலையத்தார் முறையிட்டிருப்பது உண்மையே. வீரய்யாவின் கத்தியை வாங்கி, படகு இரண்டு துண்டாகும்வரை வெட்டினேன். தடுக்க வந்த சதீஸ்குமார், நான் கத்தியை ஓங்கியதும் ஓடிவிட்டார். எனக்கு வருத்தமில்லை.

6. அதே வகைப் படகு இன்னொன்று அவர்கள் கொட்டகையில் இருக்கிறது. வரும் ஞாயிறு பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளை லோஜினியை அதில் ஏற்றப் போகிறார்கள்.

ஆகவே ஐயா, அதற்கு முன் அந்தப் படகைக் கைப்பற்றி, புதியவர்களுக்கு உருண்டை வயிற்றுப் படகே கொடுக்கவும், பட்டியை இழுத்து வெளியேறப் பழக்கிய பின்பே ஓட்டத்தில் இறக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். வீரய்யாவின் கத்தியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: தலவாக்கலை
திகதி: 12.06.2024

இப்படிக்கு,
மு. அம்மாக்கண்ணு
(கைநாட்டு அல்ல, என் கையெழுத்து)