ஆள் இல்லாத ஆறாம் தீவு

2026 பெப்ரவரி 3, செவ்வாய்

பத்தொன்பதாம் பாகத்துக்கான கதையை ஜெசிந்தன் இன்று அனுப்பினான். நான்கு நாள் தாமதம். கப்பல் ஆறாம் தீவில் கரை சேருகிறது, சண்டை, கப்பல் புறப்படுகிறது. எட்டே பக்கம். தீவில் ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. "பின்னால் மலை" என்று மட்டும் எழுதியிருக்கிறான்.

என்ன மலை? அதில் யார் இருக்கிறார்கள்?

அவன் எழுத, நான் வரைய, மங்கா பாணியில் ஒரு சாகசச் சித்திரக்கதை செய்கிறோம் என்று இரண்டு வருடமாகப் பதுளை முழுக்கச் சொல்லித் திரிகிறேன். 'பனிக்கடல் பயணிகள்' என்று பெயர் வேறு. பயணிகள் இப்போதெல்லாம் எங்கேயும் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதே இல்லை. மூன்றாம் தீவில் மழைத்தண்ணீர் வடியும் கான் எந்தப் பக்கம் ஓடும் என்று என்னோடு இரண்டு வாரம் மல்லுக்கு நின்றவன் இவன்.

பெப்ரவரி 6

இணையத்தில் ஏற்றினேன். முதல் கருத்து: "தீவு இருக்கு, ஆள் இல்லை. படம் போடுறவங்களுக்குச் சோம்பலா?"

எனக்கா சோம்பல்!

பெப்ரவரி 9

நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடை முதலாளி ஸரூக் நானாவும் வாசித்திருக்கிறார். "அவன் நல்லதையெல்லாம் வேற யாருக்கோ எழுதிக் குடுக்கிறான் புள்ள. உனக்கு மிச்சம் மீதிதான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெப்ரவரி 12

சோதித்துப் பார்த்தேன். ஆறாம் தீவு ஆட்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். உடனே பார்த்துவிட்டான். பதில் மூன்று மணி நேரம் கழித்து: "அதெல்லாம் யாரு பார்க்கப் போறா."

அந்த மூன்று மணி நேரமும் யாரோடு பேசிக்கொண்டிருந்தான்?

பெப்ரவரி 17

கொழும்பிலிருந்து ஒரு பதிப்பகம் பேசியது. புத்தகமாகப் போட விருப்பமாம். ஆனால் கடைசிப் பாகங்கள் வெறுமையாக இருக்கின்றன, மார்ச் முடிவதற்குள் திருத்தித் தரவேண்டும். ஜெசிந்தனுக்குச் சொன்னேன். "நீயே ஏதாவது போட்டுக்க" என்றான்.

ஏதாவதா? முன்பென்றால் துள்ளிக் குதித்திருப்பான். வேறு எங்கோ புத்தகம் வரப்போகிறவன்தான் இப்படிப் பேசுவான்.

பெப்ரவரி 20

"இனி நானே எழுதிக்கிறேன். உன் பேரை எடுத்துடுறேன்." எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 22, ஞாயிறு

பண்டாரவளையில் பஸ் மாறி, பூனாகலைக்கு மேலே அவன் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன் — கையும் களவுமாகப் பிடிக்க.

லயத்து வரிசை வீடுகளில் யாரும் இல்லை. கதவுகளில், உள்ளே இருக்கக் கூடாது என்று சிவப்புப் பெயின்டால் குறி. வழியில் வந்த ஒரு அக்கா, "எல்லாரும் பழைய தேயிலை ஸ்டோருலதான் இருக்காங்க" என்றார். அங்கே சேலை கட்டி மறைத்த பத்தடி இடத்திலிருந்து அவன் அம்மா செசிலி எழுந்து வந்தார். "வாம்மா நிலா. அவன் உனக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. நவம்பர் மழையில் மலை சரிந்து மேல் லயம் ஆட்களோடு மண்ணுக்குள் போனது எனக்குத் தெரியும். அன்றைக்கே கேட்டேன். "எங்க லயத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றான். அத்தோடு விட்டுவிட்டேன்.

அவனை வெளியே கூப்பிட்டுக் கேட்டேன். "யாருக்குடா நல்லதா எழுதிக் குடுக்கிற?"

புரியாமல் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "முந்தின தீவுங்கள்ல இருந்தவங்கல்லாம் யாருன்னு நெனச்ச நிலா? அந்த மீன்காரி, பாலத்துக் காவல்காரன், பொய் சொல்ற வைத்தியர்... எல்லாம் மேல் லயத்து ஆளுங்க. அவங்களப் பார்த்துத்தான் எழுதுனேன். இப்ப ஒரு மலையில வீடு வைக்கணும்னா உள்ள யாரையாவது வைக்கணும்ல. எனக்குப் பயமா இருக்கு."

மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எழுதி வைத்ததைத் திரும்பும் பஸ்ஸில் அழித்தேன்.

ச்சீ. மூணு மாசமா ஒருத்தன் சேலை மறைவுல கெடக்கிறான். நான் என்னடான்னா, அவன் யாரோட பேசுறான்னு வேவு பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

மார்ச் 1

"கதை வேணாம். மேல் லயத்துல யார் யார் இருந்தாங்கன்னு சொல்லு. வரைஞ்சு பார்க்கிறேன்." அனுப்பினேன். பதில் இல்லை. கேட்டிருக்கக் கூடாதோ?

மார்ச் 4

குரல்பதிவு வந்தது. பதினெட்டு நிமிடம். நடுவில் இரண்டு இடத்தில் காற்றுச் சத்தம் மட்டும்.

மார்ச் 30

மார்ச்சுக்குள் முடியாது என்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிட்டேன். "அப்ப பார்ப்போம்" என்று வைத்துவிட்டார்கள். வருத்தம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இருபதாம் பாகம். இருபத்திரண்டு பக்கம், சண்டையே இல்லை. பயணிகள் ஏழாம் தீவில் இறங்கி மலை ஏறுகிறார்கள், வீடு வீடாக; உள்ளே இருப்பவர்கள் மேல் லயத்து ஆட்கள்.

பதினான்காம் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஜெசிந்தன் அழைத்தான். "அங்கம்மா அக்கா சிரிக்கிறப்ப வாயக் கையால மூடிக்கும். நீ பல்லு தெரிய வச்சிருக்க."

அழித்துவிட்டு மறுபடி வரைந்து அனுப்பினேன்.

"அக்காவோட கை இன்னும் கொஞ்சம் பெருசு" என்றான்.