மேடம் வாசிக்கக் கூடாத நான்கு வரிகள்

கண்ணாடிக் கடை,
செவ்வாய்க்கிழமை மதியம்.

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்கவில்லை. பயிற்சி மேடம்தான் வாரம் தவறாமல் எழுதிவிடுகிறாரே. இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போவதும் அவர்தான். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, மேடமும் கேட்கட்டும். மனசில் இருப்பதை முழுங்கி முழுங்கி எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

முதலில் கடை. கண் பார்க்க வாரம் இரண்டு நாள் ஒரு தம்பி வருகிறார். அவர் சீட்டு எழுதிக் கொடுப்பார், லென்ஸ் மாட்டுவது நான். போன வாரம் தபால்காரர் கண்ணாடியில் வலது லென்ஸை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். மனுஷன் தெருமுனை வரை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார். ‘அம்மா, படிக்கட்டு ரெண்டு ரெண்டாத் தெரியுது, எதுல கால வைக்கிறது’ என்று கேட்டார். பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் மூன்று நாளாக அதையே சொல்லிச் சிரிக்கிறார். அண்ணன் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று வேறு கேட்கிறார். நடக்காதுதான்.

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து போனாள். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல் கிடைத்துவிட்டது. என்னைப் பார்த்து, அம்மா ஏன் இப்படிச் சிடுசிடுக்கிறாய் என்றாள். பெற்ற பெண்ணிடம் போய், உன் அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிறவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது என்றா சொல்ல முடியும்?

ஆமாம், எரிகிறது. மேடம், நீங்கள் இதைத் தாண்டிப் போகாமல் சத்தமாகவே வாசியுங்கள்.

இனி உங்களுக்கு. எட்டு மாதத்துக்கு முன்னால், கடையில் ஒருவரைக் கண் பார்க்கிற அட்டையில் மூன்றாவது வரியைப் படிக்கச் சொல்ல வாயெடுத்த நீங்கள் வார்த்தை வராமல் நின்றீர்கள். கையில் இருந்த லென்ஸ் கீழே விழுந்தது. பக்கவாதம் என்றார்கள். அன்றிலிருந்து உங்கள் வாயும் நான், வலது கையும் நான். நீங்கள் ‘த’ என்று ஆரம்பித்தால் தண்ணீரோடு நிற்பேன். இதில் என்ன குறை கண்டார்களோ, ஆஸ்பத்திரியில் உங்களை அந்தப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் கடைசியாக அங்கே வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நன்றாக இருக்கிற இடது கையில் தடியாக ஒரு உறையை மாட்டிவிட்டு, வராத வலது கையால் சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லியிருந்தார்கள். நாற்பது நிமிஷத்தில் இரண்டு பொத்தான். நெற்றியெல்லாம் வியர்வை. எதிரில் நாற்காலி போட்டு மேடம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீதி நான்கு பொத்தானையும் ஒரே மூச்சில் நான் போட்டுவிட்டேன். அப்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வைதான் என்னை இத்தனை நாள் தூங்கவிடவில்லை.

வராந்தாவில் வைத்து மேடம் என்னிடம் சொன்னது உங்களுக்குத் தெரியாது. ‘நீங்க பாசத்துலதான் செய்றீங்க. ஆனா நீங்க செய்யச் செய்ய அவர் கை மறந்துபோகும். ஒரு மாசம் வராம இருங்க’ என்றார். என் புருஷனைப் பார்க்க எனக்கு இன்னொருத்தி நாள் குறிக்கிறாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் எழுதுகிற கடிதம் ஒவ்வொன்றும் ஒரு குத்து. இன்று சிரித்தார். இன்று ‘போதும்’ என்று தானே சொன்னார். போன கடிதத்தில் இருந்ததுதான் உச்சம். பேச வராத வார்த்தை சிலருக்குப் பாட்டாக வருமாம், உங்களுக்கும் வருகிறதாம், காலையில் ஒரு வரி முழுதாகப் பாடினீர்களாம். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு ஒரு வரி பாடியிருப்பீர்களா? குளிக்கும்போது முனகினதுகூடக் கிடையாது. கேட்டால் தொண்டை சரியில்லை என்பீர்கள். இப்போது மட்டும் தொண்டை எங்கிருந்து வந்தது?

மூளை டாக்டர் அன்று படம் போட்டுக் காட்டினாரே. செத்த இடம் செத்ததுதான், ஆனால் சுற்றியிருக்கிற செல்கள் புது வழி போட்டு அதன் வேலையை எடுத்துச் செய்யும் என்றார். மூளையில் ஒரு சின்ன மூலையில், வளர்ந்தவர்களுக்கும் புது செல்லே முளைக்கும் என்று ஒரு கட்சி சொல்கிறது, இல்லை என்று இன்னொரு கட்சி சண்டை போடுகிறது என்றும் சொன்னார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் புத்தி வேறு பக்கம் போனது. புதிதாக முளைத்தால் அதில் யார் இருப்பார்கள்? தினமும் எதிரில் உட்கார்ந்திருக்கிற மேடம்தானே. போடுகிற புது வழியெல்லாம் அவர் குரலைக் கேட்டுத்தானே போடப்படுகிறது. செத்துப்போன இடத்தில்தான் நான் குடியிருந்தேனோ என்னவோ. இதை யாரிடம் கேட்பது, டாக்டரிடமா கேட்க முடியும்?

இப்படிப் புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் திருகாணி விஷயம் நடந்தது.

கண்ணாடிக் காலில் போடுகிற அந்தக் கடுகளவு திருகாணியை நான் என்றைக்காவது மாட்டியிருக்கிறேனா? எடுத்தால் போதும், ‘குடு இங்க, தொலைச்சிருவ’ என்று வாங்கிவிடுவீர்கள். நீங்கள் இல்லாத முதல் வாரம் பதினேழு திருகாணி தரையில் போனது. தட்டு வைத்தேன், வெள்ளைத் துணி விரித்தேன், திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். நேற்று காலை ஒரு பள்ளிக்கூட டீச்சர் காத்திருக்க, பேசிக்கொண்டே இரண்டு காலுக்கும் மாட்டி முடித்துவிட்டேன். மாட்டினதே அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐம்பத்து நான்கு வயதில் என் மண்டைக்குள்ளும் ஒரு புது வழி விழுந்திருக்கிறது. கையிலிருந்து பிடுங்க நீங்கள் பக்கத்தில் இல்லை, அதனால் விழுந்தது.

ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் என்னிடம் முப்பத்தொரு வருஷம் பாசத்தில் செய்ததை, நான் உங்களிடம் இந்த எட்டு மாதத்தில் செய்திருக்கிறேன்.

மேடம் இந்த வாரம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் உங்களை வீட்டுக்கு அனுப்பலாமாம். ஆனால் வீட்டில் நான் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தால் பழகிய கை மறுபடி தூங்கிவிடுமாம். ‘அவர் தடுமாறும்போது உங்களால் சும்மா இருக்க முடியுமா, முடியாது என்றால் இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருக்கட்டும், யோசித்து எழுதுங்கள்’ என்கிறார். என்னைப் பற்றி நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்.

மேடம், என் பதில் இது. மருந்துக் கடையில் உங்கள் உறை மாதிரியே இரண்டு வாங்கிவிட்டேன். இரண்டும் எனக்கு. அவர் பொத்தான் போடும்போது அதை மாட்டிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்காருவேன். நாற்பது நிமிஷம் ஆனாலும் சரி, சாப்பாடு சட்டையில் விழுந்தாலும் சரி. வாயைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, அதற்கும் ஒரு வழி பார்க்கிறேன். அவரை அனுப்பிவையுங்கள். உங்கள்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான், அது போகவில்லை. ஆனாலும் உங்கள் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
திருகாணி மாட்டத் தெரிந்த உங்கள் மனைவி.

மேடம், இதோடு நிறுத்திவிட்டுத் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கடை அட்டையில் இருப்பதுபோல மேலே பெரிதாகவும் கீழே போகப் போகச் சின்னதாகவும் எழுதியிருக்கிறேன். அவரே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். மூன்று நாள் ஆனாலும் நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

நான்

இங்கேதான் இருக்கிறேன்

பொத்தானை நீங்களே போட்டுக்கொண்டு வாருங்கள்

வந்ததும் எனக்கு மட்டும் ஒரு வரி பாடுங்கள்